மறு: அக்டிவேஷனுக்குத் தமிழ்: ‘செயற்படுத்தல்’ போதுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வாங்கிய மென்பொருளை ஓட விடும்படி நிறுவனத்திடம் அனுமதி பெறும் ‘அக்டிவேஷனுக்கு’ மென்பொருள் தமிழாக்கத்தில் எந்தச் சொல்லை வைப்பது என்ற இந்த இழையை, இரண்டு கிழமையாக வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நேற்றுக் கோவை ஐயா எழுதிய வரி என்னையும் எழுத வைத்துவிட்டது.

> அக்டிவேஷனுக்குச் ‘செயற்படுத்தல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

ஐயா, அது புழக்கத்தில் இருப்பதே எனக்குச் சிக்கலாகப் படுகிறது. எனேபிள் (இயலச் செய்தல்), எக்சிகியூட் (ஓட்டுதல்), இம்ப்ளிமென்ட் (நடைமுறைக்குக் கொண்டுவருதல்) எல்லாவற்றையும் நாங்கள் ‘செயற்படுத்து’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இடத்தில் யார் செய்கிறார், யார் காத்து நிற்கிறார் என்பதையே அந்தச் சொல் மாற்றிச் சொல்கிறது. எனக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

நான் கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவன். பங்குனி மாதம், காலபோக நெல் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்த நேரம். வட்டக்கச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் இடி மின்னலுக்கு மதர்போர்ட் எரிந்துவிட்டது. அவர்களுக்குக் கணக்கு மென்பொருளைப் பற்றுச்சீட்டோடு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். புது மதர்போர்ட் போட்டு, தரவு எல்லாவற்றையும் பத்திரமாக மீட்டு, மென்பொருளைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. மென்பொருளோடு வந்த எண்ணுக்கு அனுமதித்த கணினிகளின் தொகை முடிந்துவிட்டதாம். பழைய கணினியில் அந்த அனுமதியை விடுவித்துவிட்டு வரச் சொல்கிறது. பழைய மதர்போர்ட் கருகி என் பைக்குள் கிடக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு அழைத்தோம். ஆலைக்குள் சிக்னல் நிற்காது, வெளியே வேப்பமரத்தடியில்தான் வரும். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற முதலாளியின் மகள் திரையைப் பார்த்து ஆறாறு இலக்கமாகச் சத்தம் போட்டுச் சொல்ல, வாசலில் நின்றவர் அதைக் கேட்டு என் பக்கம் திருப்பிச் சொல்ல, நான் மரத்தடியில் நின்று தொலைபேசியில் சொன்னேன். ஐந்தாவது தொகுதியில் அழைப்பு அறுந்தது. திரும்பவும் முதலிலிருந்து. மூன்றாம் முறை முழுவதும் சொல்லி முடித்தபோது, திங்கட்கிழமைதான் பார்க்கலாம் என்றார்கள். அன்று வெள்ளி. வாசலில் நாலு லான்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) நெல் மூடையோடு நின்றன. மூன்று நாளும் சிட்டையைக் கையால் எழுதினோம்.

அதே மென்பொருளின் திருட்டுப் பிரதி இன்னொரு கடையில் எந்த எண்ணும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆலைக்காரருக்கும் அது தெரியும். “தம்பி, நான் காசு குடுத்துத்தானே வாங்கினனான்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பெட்டியில் இருந்த பொத்தானுக்கு எங்கள் மொழிபெயர்ப்பு ‘செயற்படுத்துக’. அவர் எதைச் செயற்படுத்துவது? அவரால் முடிந்தது கேட்பது மட்டும்தான். திறந்துவிடுவதும் மறுப்பதும் எங்கோ இருக்கிற வழங்கி, அதாவது நிறுவனத்தின் சர்வர். பொத்தானில் ஏவல் வினையைப் போட்டு, வேலை முழுவதும் பயனர் கையில் இருப்பது போல எழுதிவிட்டு, கடைசியில் ‘செயற்படுத்த முடியவில்லை’ என்று காட்டினால், தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாகத்தான் அந்த மனிதர் நினைப்பார். ஆலைக்காரரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். “நான் ஏதும் மாறி அமத்திப்போட்டேனோ?” என்று இரண்டு தரம் கேட்டார்.

இந்த அக்டிவேஷன் முறை வீட்டுக் கணினிகளுக்குப் பரவலாக வந்தது 2001 இல், விண்டோஸ் எக்ஸ்பியோடு. 25 எழுத்துத் திறப்பைத் (சாவி எண்ணை) தட்டச்சு செய்தால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் அக்டிவேற் செய்ய வேண்டும் என்றார்கள். இணையம் இல்லாதவர் 50 இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்லி, 42 இலக்கத்தைத் திரும்ப வாங்க வேண்டும். அந்த வருடம் வன்னியை வெளியோடு இணைக்கிற ஏ9 வீதியே பூட்டிக் கிடந்தது. போர்நிறுத்தத்துக்குப் பிறகு 2002 இல்தான் திறந்தார்கள். ஜெனரேட்டரில் கணினி ஓட்டியவர்கள் எந்தத் தொலைபேசிக்குப் போவது? காசு கொடுத்தவர் எல்லாரிடமும் ஓர் இணைப்பு இருக்கும் என்ற நினைப்பு இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

இணைப்பு இருந்தாலும் வழங்கி ஒழுங்காக இருக்க வேண்டும். 2007 ஆகஸ்டில் மைக்ரோசொஃப்டின் சரிபார்ப்பு வழங்கிகளில் பிழை வந்து, ஏறத்தாழ 19 மணித்தியாலம் முறைப்படி வாங்கிய விண்டோஸையும் போலி என்று காட்டின. அடோபி தன் சிஎஸ்2 (ஃபோட்டோஷொப் முதலானவை அடங்கிய) தொகுதிக்கான வழங்கியை நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்காக அக்டிவேஷன் கேட்காத பதிப்பை வெளியிட்டது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் அதைச் செய்யும் மனம் நிறுவனத்திடம் இருந்தால்தான் உண்டு.

ஆகவே என் முன்மொழிவு: திறப்பிசைவு.

திறப்பு, இசைவு. எங்கள் பக்கம் ‘திறப்பு’ என்றால் நீங்கள் சாவி என்பது. வீட்டுத் திறப்பு, மோட்டார் சைக்கிள் திறப்பு. தமிழகத்தில் அதே சொல் திறக்கும் செயலைக் குறிக்கும். எங்களுக்குச் சாவிக்கான இசைவு, உங்களுக்குத் திறப்பதற்கான இசைவு. இரண்டு கரையிலும் பொருள் கெடாமல் நிற்கிறது. இசைவு என்றதும் அதைக் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார், மறுக்கவும் கூடும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. பொத்தானில் ‘திறப்பிசைவு கேள்’. நடந்தால் ‘திறப்பிசைவு கிடைத்தது’. இல்லாவிட்டால் ‘வழங்கி திறப்பிசைவை மறுத்தது’. ஆலைக்காரர் அந்தக் கடைசி வரியைப் பார்த்திருந்தால் தன்னை நொந்திருக்க மாட்டார்.

மட்டக்களப்புத் தங்கச்சி ‘மடைதிறப்பு’ என்று சொல்லியிருந்தார். வடிவான சொல், வாசித்தவுடன் எனக்கும் பிடித்தது. ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற ஊரில் இருந்து சொல்கிறேன், அது இதற்குப் பொருந்தாது, தங்கச்சி. துருசை, அதாவது குளத்து மதகை, எந்தத் திகதி திறப்பது, எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதை விதைப்புக்கு முன் கூட்டம் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கமக்காரன் இருப்பான், எழும்பி நின்று சண்டையும் பிடிப்பான். மென்பொருள் வாங்கியவருக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. அந்த நல்ல சொல்லை இந்த வேலைக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

லைசென்ஸுக்கு வைக்கிற ‘உரிமம்’ பற்றியும் ஒரு சொல். தமிழகத்தில் ஓட்டுநர் உரிமம் என்கிறீர்கள், இங்கே சாரதி அனுமதிப்பத்திரம். சொல் நீளம்தான். ஆனாலும் மென்பொருளுக்கு ‘அனுமதி’தான் உண்மை என்பது என் எண்ணம். உரிமம் என்றவுடன் சனம் உரிமை என்று வாசிக்கிறது, பொருள் தன் கைக்கு வந்துவிட்டதாக நம்புகிறது. வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. இலங்கைப் பதிப்பிலாவது ‘பாவனை அனுமதி’ என்று வைக்க விடுங்கள்.

கொப்பி புரொடெக்ஷனுக்கு ‘நகல் பாதுகாப்பு’ வேண்டவே வேண்டாம். அதைப் பார்க்கிறவர் தன் கோப்புக்குக் காப்புநகல் எடுத்து வைக்கும் வசதி என்றுதான் நினைப்பார். இருப்பதோ நகல் எடுக்க விடாமல் மறிப்பது. ‘நகல்தடை’ போதும்.

மென்பொருள் ஓடக் கணினியில் செருகி வைக்கிற டொங்கிளுக்கு ‘வன்திறப்பு’ என்று எழுதி வைத்திருந்தேன். தமிழகத்தில் அது வன்முறையாகத் திறப்பது போலக் கேட்கும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார், சரிதான். ‘வன்சாவி’ என்று மாற்றிக்கொள்கிறேன், சாவி எங்களுக்கும் விளங்கும். டொங்கிள் என்றே விடலாம் என்பவர்களுக்கு: இலங்கையில் டொங்கிள் என்று கேட்டால் கடைக்காரர் சிம் போட்டு இணையம் எடுக்கும் குச்சியைத்தான் தூக்கித் தருவார்.

கணினியை மாற்றும்போது பழையதில் இருந்து இசைவைத் திருப்பிக் கொடுப்பதற்கு ‘இசைவு விடுவிப்பு’ என்று வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. எரிந்துபோன கணினியில் விடுவிக்க ஆள் ஏது? அந்த நிலைக்கு, வாங்கியவர் பற்றுச்சீட்டைக் காட்டி மீளக் கேட்பதற்கு, தனியாக ஒரு சொல் வேண்டும். ‘இசைவு மீட்பு’ என்று போடலாமா? யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு இரவு மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்த உட்காருகிறேன், அதற்குள் வந்தால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து