நைட் டூட்டி முடிந்ததும் மூச்சுப் பயிற்சியா?

வார்டு_சிஸ்டர்: நேற்று இங்கே ஒருவர், ஆஸ்பத்திரி ஊழியர்கள் நைட் டூட்டி முடிந்ததும் 10 நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தால் மன அழுத்தம் போய்விடும் என்று எழுதியிருக்கிறார். எந்த 10 நிமிடம்? காலையில் அடுத்த ஷிப்ட்டுக்கு ஹேண்டோவர் கொடுத்து, மருந்துக் கணக்கு ஒப்படைத்து, சார்ட் எழுதி முடித்து வெளியே வந்தால் பேச்சிப்பாறை பஸ் போய்விட்டிருக்கும்.

தக்கலைவாசி: எழுதியது நான்தான் அக்கா. 10 நிமிடம்கூட இல்லை என்பதை நம்ப முடியவில்லை, வாட்ஸ்அப் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறதே. மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விட்டால் நெஞ்சுப் படபடப்பு தணியும்.

வார்டு_சிஸ்டர்: தணியாது என்று யார் சொன்னார்கள்? பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரியில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. ஆனால் நான் முன்பு இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒரு மாடி முழுக்க நானும் ஒரு டிரெய்னியும்தான். நோயாளிக்குத் துணைக்கு நிற்கும் பைஸ்டாண்டர் வந்து சத்தம் போடும்போது, மூச்சை இழுத்து விடுங்கள் அண்ணே என்று சொல்லவா?

லேப்_ஆள்: எப்போது பார்த்தாலும் நர்ஸ் கதைதான். ராத்திரி லேபிலும் ஒற்றை ஆள்தான். கான்ட்ராக்டில் வார்டு கழுவுகிறவர்களைப் பற்றி இதுவரை யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

வார்டு_சிஸ்டர்: உங்களை எழுத வேண்டாம் என்று யார் தடுத்தது?

குழித்துறை_74: சண்டைக்கு முன்னால் ஒன்று. பர்ன்அவுட், அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவது, ஒரு நோயல்ல, வேலையிடத்தின் தீராத அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அப்படியானால் அதைக் கையாள வேண்டியது நிர்வாகமா, ஊழியரா?

தக்கலைவாசி: விளக்கமெல்லாம் அப்புறம். 10 நிமிடம் இருக்கிறதா இல்லையா, அதற்குப் பதில் வேண்டும்.

வார்டு_சிஸ்டர்: இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இல்லை.

ஓய்வு_மேட்ரன்: 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய குமரி மாவட்டம் மக்களே இது. நாங்கள் டபுள் டூட்டி பார்த்தோம், முணுமுணுத்ததில்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

வார்டு_சிஸ்டர்: சேவை, சேவை என்று சொல்லியே எங்கள் ஓய்வு நாளைப் பிடுங்கினீர்கள் மேடம். டூட்டி ரோஸ்டர் போட்டவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து ஏசிய மேட்ரனை நான் இன்றும் மறக்கவில்லை.

ஓய்வு_மேட்ரன்: என்னைச் சொல்கிறாயா? நான் யாரையும் அப்படி நிற்க வைத்ததில்லை.

லேப்_ஆள்: லேபுக்கு வந்து கத்தியிருக்கிறீர்களே, அது கணக்கில் இல்லையா மேடம்?

தக்கலைவாசி: பஸ் போனால் அடுத்த பஸ் இருக்கிறது. உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தில் செய்யலாமே.

வார்டு_சிஸ்டர்: அந்த பஸ் ஸ்டாண்டில் ராத்திரி முழுக்க நின்ற காலோடு ஒருநாள் வந்து நில்லுங்கள் தம்பி. உட்கார இடம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.