கண்ணை மூடிக் கேட்டாலே அடையாளம் தெரியும் கிட்டார்க் கலைஞர் யார்?

ஹட்டன் ரசிகன்:
வேகத்தைக் காட்டியே வாசிப்பவர்களைக் கேட்டு அலுத்துவிட்டது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நாலு சுரத்திலேயே ‘இவர்தான்’ என்று சொல்லவைக்கும் ரொக், மெட்டல் கலைஞர்கள் யார்?

பண்டாரவளை:
டொம் மொரெல்லோ, சந்தேகமே வேண்டாம். கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப்புகளில் ஒன்றின் ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு, பிக்கப் மாற்றும் சுவிட்சைத் தட்டித் தட்டி ஒலியை வெட்டுவார். இசைத்தட்டை உரசுவதுபோல் கேட்கும். சுரத்தை ஏற்றி இறக்கும் வாமி பெடலை மிதித்தால் சுரம் கீச்சென்று மேலே பாயும். அவருடைய ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் 1992 தொகுப்பில், கீபோர்டோ சிந்தசைசரோ பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டே கொடுத்தார்கள். நம்ப மாட்டார்கள் என்று தெரிந்திருக்கிறது!

மஸ்கெலியா:
அனிமல்ஸ் அஸ் லீடர்ஸ் குழுவின் டொசின் அபாசியைக் கேளுங்கள் தம்பி. எட்டுத் தந்திக் கிட்டாரைக் கட்டைவிரலால் அடித்து வாசிப்பார். எங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். மெட்டல் பிடிக்காதவர், ஆனால் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

பழைய ரசிகர், பதுளை:
டோனி ஐயோமியை மறந்துவிட்டீர்களே! 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார். பின்னர் தந்திகளையும் தளர்த்தினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் அந்தக் கனத்த ஒலியில் இதற்கும் பங்குண்டு.

ஹட்டன் ரசிகன்:
நன்றி அண்ணன்மாரே. மொரெல்லோவை இன்றே கேட்கிறேன். அபாசியை வீட்டில்தான் கேட்க வேண்டும். நுவரெலியா பஸ்ஸின் வளைவுகளோடு அந்தத் தாளமும் சேர்ந்தால் வயிறு தாங்காது.