இந்தப் பறவை தவளைவாயன்தானா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு கேரளாவின் தட்டேக்காடு சரணாலயத்தில் எடுத்த படங்கள் இவை. வழிகாட்டி மூங்கில் புதரைக் காட்டி "அங்கே பாருங்க" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ந்த சருகுதான். ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஒரு சருகுக்கு மீசை இருப்பது தெரிந்தது! அலகைச் சுற்றி முடி முடியாக, கண்ணை மூடி, தலையை அண்ணாந்தபடி ஒட்டிக்கொண்டு இரண்டு பறவைகள். ஒரு சாண் நீளம்தான் இருக்கும்.

வழிகாட்டி இலங்கைத் தவளைவாயன் என்றார். வீட்டில் மச்சானோ, இது பக்கி என்ற இன்னொரு இரவுப் பறவை என்று சாதிக்கிறார். பக்கி பகலில் பெரும்பாலும் தரையில்தானே படுத்திருக்கும்? அலகும் இவ்வளவு அகலமாக இருக்காதே.

ஒன்று செம்பழுப்பு, இன்னொன்று சாம்பல். சாம்பல் ஆண், செம்பழுப்பு பெண் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இது ஜோடியா, அல்லது ஒன்று குஞ்சா? இரண்டாவது படத்தில் நெஞ்சுப் புள்ளிகள் ஓரளவு தெரிகின்றன. ஃபிளாஷ் போடவில்லை, அதனால் கொஞ்சம் மங்கல்தான்.

சரியான இடத்தை மட்டும் கேட்காதீர்கள். பகலெல்லாம் அங்கேயேதான் தூங்குமாம், கூட்டம் கூடிவிடும்.