நடைப்பயணக் குழுவுக்கு மல்டிகாஸ்ட்: மரமா, வலையா?

கேள்வி (காரைக்குடி மாணவி):
வணக்கம். தைப்பூசத்திற்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் காவடிக் கூட்டத்தில், தண்ணீர் வண்டி எங்கே நிற்கிறது, யாருக்கு மருத்துவ உதவி தேவை என்பன போன்ற சிறு செய்திகளை, செல்போன் கோபுரத்தை நம்பாமல் தொண்டர்களின் கைக்கருவிகளே ஒன்றுக்கொன்று கடத்தி, மல்டிகாஸ்டாக (ஒரே செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் முறையில்) சேர்க்க வேண்டும் என்பது என் முதுநிலைத் திட்டப்பணி. என்எஸ்-2 என்ற மென்பொருளில் செய்த சிமுலேஷனில், பல வழிகளை வைத்திருக்கும் வலை அமைப்பிலான ஓடிஎம்ஆர்பி என்ற வழித்தேர்வு முறை நன்றாகவே செயல்பட்டது. ஆனால் எங்கள் பழைய வீட்டில் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என ஆறு வைஃபை போர்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, திண்ணையிலிருந்து அனுப்பிய 100 பாக்கெட்டில் (தரவுத் துண்டுகளில்) 60கூடப் பின்வாசலுக்கு வந்து சேரவில்லை. அதே போர்டுகளில் ஒருவருக்கொருவர் அனுப்பும் யூனிகாஸ்டில் இழப்பே தெரிவதில்லை. ஒரே வழியை மட்டும் வைத்திருக்கும் மர அமைப்பிலான எம்ஏஓடிவி முறைக்கு மாறினால் சரியாகுமா?

பதில் 1 (தேவகோட்டை):
மாறிப் பயனில்லை என்றே சொல்வேன். கூட்டத்தின் நடுவே பல வழிகள் இருந்தால்தான் வலைக்கு மதிப்பு. வரிசையாக நிற்கும் போர்டுகளுக்கு மாற்று வழி ஏது? கோளாறு ராவுட்டிங்குக்கும் (வழித்தேர்வுக்கும்) கீழே இருக்கிறது. 802.11 என்ற வைஃபை முறையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) கிடையாது, தவறினால் மறுபடி அனுப்புவதும் கிடையாது. யூனிகாஸ்டில் ஒவ்வொரு தாவலிலும் (ஒரு போர்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதும்) மறுமுயற்சி நடப்பதால் இழப்பு உங்கள் கண்ணில் படவில்லை. ஒரு தாவலில் 90 விழுக்காடு தேறினால் ஐந்து தாவலில் 59தான் தேறும். இடையிலுள்ள ஒவ்வொரு போர்டும் அதே பாக்கெட்டைச் சற்று இடைவெளி விட்டு இருமுறை அனுப்பினால், இழப்புகள் தனித்தனியாக நிகழும் வரை, கணக்கு 95 ஆகும். உங்கள் செய்திகள் சிறியவை என்பதால் அந்தக் கூடுதல் சுமை பொருட்டல்ல.

பதில் 2 (கானாடுகாத்தான்):
மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் ஐந்து தாவல் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். திண்ணையிலிருந்து கிளம்பும், வழி தேடும் ஜாயின் குவெரி செய்தி, கதவுகள் திறந்திருக்கும் அந்த ஒரு நொடியில் நேராக அடுப்படியை எட்டிவிட்டால், முதலில் வந்த குவெரியின் வழியையே நம்பும் ஓடிஎம்ஆர்பி நடுவிலுள்ள நல்ல போர்டுகளை ஒதுக்கிவிட்டு, நீளமான, பலவீனமான இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த குவெரி வரும் வரை தரவும் அந்த வழியிலேயே போகும். பாக்கெட் கடந்து வந்த தாவல் எண்ணிக்கையை முதலில் பதிவு செய்து பாருங்கள். பிறகு குறைந்த தாவல் என்ற அளவுகோலை விட்டு, இணைப்பின் தரத்தை அளவாகக் கொள்ளுங்கள். 2003இல் வந்த இடிஎக்ஸ் (ஒரு பாக்கெட் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற கணிப்பு) அளவுகோலை அப்படியே எடுத்தாள வேண்டாம். அது ஒப்புகை திரும்பி வரும் திசையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒப்புகையே இல்லாத மல்டிகாஸ்டுக்குப் போகும் திசையின் வெற்றி விகிதம் போதும். அவற்றைக் கூட்டாமல் பெருக்கி, பெருக்குத்தொகை எந்த வழியில் அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

காரைக்குடி மாணவி:
இருவருக்கும் நன்றி. பதிவு செய்து பார்த்ததில் பெரும்பாலான பாக்கெட்டுகள் இரண்டே தாவலில்தான் வந்திருக்கின்றன. அப்பத்தா மதியத் தூக்கத்திற்காக இரண்டாங்கட்டுக் கதவைச் சாத்திய பிறகு அந்த வழி அப்படியே அறுந்திருக்கிறது. இழப்பில் பாதி அந்த நேரத்தில் நேர்ந்ததே. இன்று அளவுகோலை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1 (தேவகோட்டை):
கானாடுகாத்தான் நண்பர் சொன்னதே மூலகாரணம், ஒப்புக்கொள்கிறேன். இருமுறை அனுப்புவதையும் விட்டுவிடாதீர்கள். சிமுலேஷனில் ரேண்டம் வேபாயிண்ட் (ஒவ்வொருவரும் தோன்றிய திசையில் தனியே நகரும்) நகர்வைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மாற்றுங்கள். காவடி எடுப்பவர் யாரும் நினைத்த திசையில் திரும்பி ஓடுவதில்லை. கூட்டம் சேர்ந்தே நகரும் குழு நகர்வு மாதிரியில், சாலையின் அகலத்துக்குள் நீண்ட வரிசையாக நோடுகளை (கருவிகளை) வைத்து, நடுவே சிலர் இளைப்பாற உட்கார்ந்துவிடுவதாகவும் அமைத்துப் பாருங்கள். அங்கே இடைவெளி விழுந்தால் எந்த அளவுகோலும் உதவாது. பின்னால் வருபவர் எட்டும் வரை பாக்கெட்டை வைத்திருந்து கொடுக்கும் வசதியைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.