புது ஏடிவி கைக்கு வரமாட்டேங்குது, ஹெல்மெட் கியர் எது வாங்கலாம்?

மேட்டுக்காடு:
வணக்கம் மக்களே. கனடா ஒன்ராறியோல லின்ட்சே பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கோம், பாதி காடு பாதி மேடு பள்ளம். விறகு இழுக்க, வேலி சுத்திப் பாக்க, குளிர்காலத்துல டிரைவ்வே பனி தள்ளன்னு எல்லாத்துக்கும் ஆகும்னு யமஹா கோடியாக் 700ங்கற நாலு சக்கர ஏடிவி எடுத்தாச்சு. ஊர்ல வருஷக்கணக்கா பைக் ஓட்டுன ஆளு நானு, இது என்ன பெரிய விஷயம்னு ஏறி உக்காந்தா வேற ஜாதி வண்டியா இருக்குங்க. வளைவுல நான் சாஞ்சா அது சாயாது, நேரா போறதுலயே குறியா இருக்கு. இடது கை தன்னால கிளட்ச் புடிக்கப் போகுது, அங்க இருக்கறது பிரேக்கு. த்ராட்டில் வேற கட்டைவிரல்ல, கொஞ்ச நேரத்துலயே விரல் மரத்துப் போயிருது. ஹேண்டிலும் கனமா இருக்கு, மேட்டுல ஏறும்போது முன்பக்கம் தூக்கிருமோன்னு ஒரு பயம்.

அடுத்தது கியர், அதான் ஓட்டும்போது போட்டுக்கற பாதுகாப்பு உடுப்பு. கடைல ஹெல்மெட், ஜாக்கெட், பேன்ட், செஸ்ட் கார்டு, பூட்ஸ்னு ஒரு செட்டு காமிச்சாங்க, விலைய கேட்டா தலை சுத்துது. நம்ம நிலத்துக்குள்ள ஓட்டறதுக்கு எதுக்கு இவ்ளோன்னு வீட்டுல கேக்கறாங்க. மச்சான் என்கிட்ட இருக்கற பழைய ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட்டே போதும் எடுத்துக்கோங்கறாரு. எது அவசியம், எது சும்மா பந்தாவுக்கு? ஓட்டிப் பழகுனவங்க சொல்லுங்க.

வன்னிக்காரன்:
வாழ்த்துக்கள் அண்ணை. பைக் ஓடின ஆக்களுக்குத்தான் உது கொஞ்சம் பிடிபடாது, ஒண்டுமே ஓடாத ஆக்கள் கெதியா பழகிடுவினம். வண்டி சாயாது, நீங்கள்தான் சாயவேணும். திரும்ப முதலே வேகத்தைக் குறைச்சுப்போட்டு, உடம்பை கொஞ்சம் முன்னுக்கும் உள்பக்கமும் கொண்டுபோய், வெளிப்பக்கக் காலால மிதிபலகையை நல்லா அழுத்திக்கொண்டு ஒரே சீரா த்ரொட்டில் குடுங்கோ, திரும்பும். சீற் அவ்வளவு நீளமா வச்சிருக்கிறதே நீங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் நகரத்தான், பின்னால ஆளை ஏத்த இல்லை. மனுசி பிள்ளையள் கேட்டாலும் ஏத்தாதேங்கோ.

இன்னொண்டு, பைக் பழக்கத்தில ஆட்டம் கண்டவுடன காலை நிலத்தில ஊன்ற வரும். அதை முதல் மறவுங்கோ, உங்கட பின் ரயரே உங்கட காலில ஏறும். இடது கைக்கு மருந்து, உதை ஸ்கூட்டி எண்டு நினையுங்கோ, ஸ்கூட்டியிலயும் இடது பக்கம் பின் பிரேக்தானே.

ஹேண்டில் பாரம் எண்டால், எப்பவும் 4 வீலில போட்டுட்டே ஓடுறியளோ? காய்ஞ்ச நிலத்தில 2 வீலுக்கு மாத்திப்போட்டுப் பாருங்கோ. ஈபிஎஸ் (ஹேண்டிலைத் திருப்ப உதவுற மோட்டர்) இல்லாத மாடல் எண்டால் வித்தியாசம் நல்லாத் தெரியும். ரயர் காத்தையும் பாருங்கோ. வண்டி பெட்டியில வரேக்க காத்து கூட அடிச்சு வாறது, சில கடையள் அதைக் குறைக்காமலே கையில தந்துவிடும். இதுக்கு 5 பிஎஸ்ஐ கிட்டத்தான் வரும், சரியான அளவு வண்டியில ஒட்டின ஸ்டிக்கரில இருக்கும், ஓடமுதல் ரயர் சூடேறாமல் இருக்கேக்க அளவுங்கோ. கார் கேஜ் இவ்வளவு குறைஞ்ச காத்தை ஒழுங்கா காட்டாது, குறைஞ்ச அழுத்தத்துக்கு எண்டு தனி கேஜ் விக்கும். காத்து கூடினால் வண்டி பந்து மாதிரி துள்ளும், நேராவும் போகாது.

புது எஞ்சின் எண்டபடியா முதல் 10 மணித்தியாலம் அரை த்ரொட்டிலுக்கு மேல தொடர்ந்து ஓடாதேங்கோ, மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி ஆறவிடுங்கோ. 10 இல இருந்து 20 வரைக்கும் முக்கால். 20 மணித்தியாலம் முடிய எஞ்சின் ஒயில், ஃபில்டர், முன் பின் கியர் ஒயில் எல்லாம் மாத்தவேணும். மீற்றரில மணித்தியாலம் காட்டும்.

தூவூம்பா தோட்டம்:
நான் ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்துல பண்ணைல வேலை பாக்குறேன், இங்க இத குவாட் பைக்னுதான் சொல்லுவாங்க. மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, மேடு பள்ளம்னு சொன்னதால நான் அத மட்டும் பேசுறேன். இங்க பண்ணைல இந்த வண்டில ஆள் சாகுறது பெரும்பாலும் வேகத்துல இல்லைங்க, மெதுவா போயி குடை சாஞ்சு, 250 கிலோவுக்கு மேல இருக்குற வண்டி நெஞ்சு மேல படுத்து மூச்சு விட முடியாமத்தான். அதனாலதான் இங்க 2021 அக்டோபர் 11 ல இருந்து விக்கிற எல்லா புது பண்ணை குவாடுக்கும் பின்னாடி, கவுந்தா ஆள நசுக்காம காக்குற ஒரு கம்பி அமைப்பு கட்டாயம் ஆக்கிட்டாங்க. கம்பெனிக்காரங்க அது ஆபத்துன்னு சண்டை போட்டாங்க, ஹோண்டாவும் யமஹாவும் இங்க குவாட் விக்கிறதயே நிறுத்திட்டாங்க. யாரு சரின்னு இன்னும் விவாதம் ஓடிட்டுத்தான் இருக்கு, எனக்கு அந்தக் கம்பி பின்னாடி இருந்தாத்தான் நிம்மதி.

மேட்டுக்கு வருவோம். ஏறும்போது லோ கியர், உடம்ப ஹேண்டில் மேல சாய்ச்சு நேரா ஏறுங்க. பாதில நின்னு போச்சுன்னா அப்படியே திருப்பிரலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அங்கதான் கவிழும். பிரேக் புடிச்சு பார்க்கிங் போட்டு மேட்டுப் பக்கமா இறங்கிருங்க. இறங்கும்போது பின்னாடி நகந்து உக்காந்து லோவுலயே த்ராட்டில விட்டுட்டா எஞ்சினே புடிச்சுக்கும். லோ ஹை மாத்துறது வண்டி நின்ன பிறகுதான், உருளும்போது மாத்தாதீங்க.

விறகு இழுக்குறேன்னு சொன்னீங்க. கட்டைய பின் ரேக்குல கட்டி இழுக்கக் கூடாது, கீழ இழுக்குறதுக்குன்னு இருக்குற ஹிட்ச் கொக்கிலதான் மாட்டணும், உயரத்துல கட்டி இழுத்தா முன்பக்கம் அப்படியே மல்லாந்துரும். ரேக்குல உங்க வண்டிக்கு முன்னாடி 50, பின்னாடி 90 கிலோதான். மருந்து டேங்க் ஏத்துனா பாதி தண்ணி வச்சு ஓட்டாதீங்க, உள்ள அலையடிச்சு வண்டியவே இழுக்கும். பிக்கப்புல ஏத்துறதுக்கு சாய்வுப் பலகை வச்சீங்கன்னா அத ட்ரக்கோட பெல்ட் போட்டுக் கட்டுங்க. இங்க பாதி பேரு அதக் கட்டவே மாட்டாங்க, பலகை வழுக்கி பின்னாடி விழுந்த வண்டி நிறைய உண்டு.

பனிக்குருவி:
அண்ணா, கியர் பத்தி நான் சொல்றேன், சட்பரில நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே ஓட்றோம். உங்க சொந்த நிலத்துக்குள்ள ஹெல்மெட் போடணும்னு ஒன்ராறியோ சட்டம் கட்டாயப்படுத்தல, வீட்டுல சொன்னது அந்த அளவுக்கு சரிதான். ஆனா மரமும் கல்லும் சட்டம் பாத்து மோதாதுல்ல. வேலி தாண்டி டிரெயிலுக்கோ ரோட்டோரமோ போனீங்கன்னா ஹெல்மெட், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் மூணும் வேணும். ரோட்டுல போக ஜி2 (கார்) இல்லன்னா எம்2 (பைக்) லைசென்ஸாவது இருக்கணும், வேகம் 50 கிமீ வரைக்கும்னு போர்டு போட்ட ரோட்டுல நீங்க 20 கிமீக்கு மேல போகக்கூடாது. எந்த ரோட்டுல விடுவாங்கன்னு ஊருக்கு ஊர் மாறும், உங்க நகராட்சி சைட்ல பாத்துக்கோங்க.

மச்சானோட ஹெல்மெட்ட அன்பா திருப்பிக் குடுத்துருங்க. காட்டுக்குள்ள கிளை அடிக்கிறது முகத்துலதான், தாடை பக்கம் மூடலன்னா என்ன பிரயோஜனம். பழசு வேற, எப்ப எங்க விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், விழாம இருந்தாலே அஞ்சு வருஷத்துல மாத்தச் சொல்றாங்க. டாட் இல்லன்னா ஈசிஈ 22.06னு பாதுகாப்புத் தர ஸ்டிக்கர் இருக்கற டர்ட் பைக் டைப் ஃபுல் ஃபேஸ் வாங்குங்க, கூட டபுள் லென்ஸ் காகிள்ஸ். நடுத்தர விலைலயே நல்லது இருக்கு, ஆயிரம் டாலர் ஹெல்மெட் ரேஸ்காரங்களுக்கு. புருவத்துக்கு மேல டேப் வச்சு சுத்தளவு எடுத்துட்டுப் போங்க, கடைல போட்டு அஞ்சு பத்து நிமிஷம் கழட்டாம நில்லுங்க, நெத்தில ஒரே இடத்துல வலிச்சா அந்த ஷேப் உங்க தலைக்கு இல்ல. கன்னம் மட்டும் இறுக்கமா இருந்தா பரவால்ல, ஃபோம் போகப்போக இளகும்.

பனி தள்றதுக்கு அந்த ஹெல்மெட் ஒத்து வராது, அது தனி கதை. மூச்சுக்காத்து உறைஞ்சு காகிள்ஸ் வெள்ளையாயிரும். குளிர்காலத்துக்கு ஸ்னோமொபைல் ஹெல்மெட், ரெட்டைக் கண்ணாடி ஷீல்டு வச்சது. பேட்டரில மாட்ற சூடாகுற ஷீல்டும் இருக்கு, ஆனா டிரைவ்வே மட்டும் தள்றதுக்கு அது ஓவர்தான். உள்ள காட்டன் பனியன் வேண்டாம், வேர்த்து அப்படியே குளிர்ந்துரும், கம்பளி உள்சட்டை போடுங்க. ஹீட்டட் கிரிப் போடும்போதே கட்டைவிரலுக்கும் சேத்துப் போடச் சொல்லுங்க, அந்த விரல்தான் முதல்ல போகும்.

பூட்ஸ்க்கு கணுக்கால் மூடி, குதிகால் வச்ச வேலை பூட்ஸே போதும். க்ளவ்ஸ், முழுக்கை சட்டை, தடிமனான ஜீன்ஸ். இதெல்லாம் வீட்டுலயே இருக்கும். உங்க பக்கம் உண்ணி தொல்லை உண்டு, லைம் நோய் பரப்பற கருங்கால் உண்ணி, பேன்ட சாக்ஸுக்குள்ள சொருகிட்டுப் போங்க, வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் பாருங்க. நவம்பர்ல மான் வேட்டை சமயம் மேல ஒரு ஆரஞ்சு வெஸ்ட். செட்டுல செஸ்ட் கார்டும் ரேஸ் பேன்ட்டும்தான் இப்போதைக்கு வேண்டாத செலவு.

தூவூம்பா தோட்டம்:
செஸ்ட் கார்டு விஷயத்துல மட்டும் தங்கச்சியோட ஒத்துப்போக மாட்டேன். வண்டி மேல விழுந்தா அது காப்பாத்தாது, உண்மை. ஆனா விறகுக் காட்டுல உடஞ்ச கிளை ஈட்டி மாதிரி நிக்கும், ஹேண்டில் முனையும் நெஞ்சுல குத்தும். விலை குறைஞ்சதா ஒண்ணு வாங்கி சட்டைக்கு உள்ள போட்டுக்கலாம்.

மேட்டுக்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கேஜ் ஒண்ணு வாங்கி காத்து அளந்தேன், நாலு டயர்லயும் ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. இறக்கிட்டு 2 வீலுக்கு மாத்தி ஓட்டுனா வண்டியே மாறுன மாதிரி இருக்கு. ஹெல்மெட் சனிக்கிழமை போயி பாக்கறேன். கட்டைவிரல் வலி மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு ஏதாவது வழி உண்டா?

வன்னிக்காரன்:
ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறியள் போல, நாலு விரலையும் தளர்த்தி விடுங்கோ. த்ரொட்டில் பெட்டியின்ர ஸ்குரூவைத் தளர்த்தி கொஞ்சம் சுழட்டினால் மணிக்கட்டு மடியாமல் நேரா வரும், அப்பவே பாதி வலி போயிடும். திரும்ப இறுக்கினாப் பிறகு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, த்ரொட்டில் விட்டவுடன தானா திரும்பி வருதோ எண்டு பார்த்துப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. அதுக்கும் சரிவராட்டி அகலமான த்ரொட்டில் லீவர் தனியா விக்கும், பெரிய விலை இல்லை.