புகலிட நகரங்களுக்கு மத்திய நிதியை நிறுத்துவது முறையா?

கேள்வி: ஆசிரியர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். குடியேற்றத் துறையுடன் ஒத்துழைக்க மறுக்கும் ‘புகலிட நகரங்கள்’ எனப்படும் அமெரிக்க நகரங்களுக்கு அந்நாட்டு மத்திய அரசு நிதியை நிறுத்தலாமா என்ற தலைப்பில் எங்கள் மேல்நிலை மாணவர்கள் வாதிட இருக்கிறார்கள். நாடு முழுமைக்குமான சட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று ஒரு நகரம் எப்படிச் சொல்ல முடியும் என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை. நம் மாவட்டக் காவல்துறை அப்படிச் சொன்னால் என்னவாகும் என்றும் கேட்கிறார்கள். சட்டம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வழக்கறிஞர், தருமபுரி

ஐயா, அந்த நகரங்கள் சட்டத்தை மீறுவதாக எடுத்துக்கொண்டால் வாதம் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். மத்திய அதிகாரிகள் அங்கு வந்து கைது செய்வதை எந்த நகரமும் தடுக்க முடியாது; தன் காவலரையும் சிறையையும் அந்த வேலைக்குத் தர மறுக்கிறது, அவ்வளவுதான். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர்களான ஷெரீப்புகள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியை 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் ரத்து செய்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநில அலுவலர்களை மத்திய அரசு தன் ஏவலாளாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

கட்டளையிட முடியாததைப் பணத்தால் பெறலாமா என்பதே உண்மையான கேள்வி. ஓரளவு பெறலாம். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடிக்கலாம் என்று 1987இல் அதே நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நிபந்தனை தெளிவாகவும், அந்த நிதியின் நோக்கத்தோடு தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும் என்றது. மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலங்கள் பழைய நிதியையும் இழக்கும் என்ற மிரட்டலை 2012இல் அது அனுமதிக்கவில்லை.

புகலிட நகரங்களுக்கு நிதியை நிறுத்த அதிபர் டிரம்ப் 2017 ஜனவரியில் பிறப்பித்த ஆணை வேறோர் இடத்தில் சிக்கியது. நிதிக்கு நிபந்தனை விதிப்பது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரம், அதிபர் தாமாக அதைச் சேர்க்க முடியாது என்று சான்பிரான்சிஸ்கோ தொடுத்த வழக்கில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. காவல்துறை மானியம் ஒன்றைப் பற்றிய வழக்கில் நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அரசின் பக்கம் நின்றதையும் உங்கள் மாணவர்கள் மறைக்கக் கூடாது. 2025இல் மீண்டும் ஆணைகள் வந்தன, மீண்டும் தடையும் வந்தது.

பதில்: ஓசூர் வாசகர்

எதிர்த்தரப்புக்கும் வலுவுண்டு. குற்ற வழக்கில் பிடிபட்டவரைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்காமல் விடுவித்தால், அதன் விளைவு அந்த நகர எல்லையோடு நின்றுவிடாது. அந்த நகரத்துக்கு ஏன் எங்கள் வரிப்பணம் என்று மற்ற ஊர்க்காரர் கேட்பது நியாயமே. காவலரிடம் போனால் நாடு கடத்தப்படுவோம் என்று அஞ்சுபவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்பது நகரங்களின் பதில். ஒரு வேண்டுகோள்: சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளரை மாணவர்கள் இதில் இழுக்க வேண்டாம். அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள்.

பதில்: வழக்கறிஞர், தருமபுரி

ஓசூர் நண்பர் சொன்னது சரி. ஆசிரியரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இங்கு காவல்துறை மாநிலப் பட்டியலிலும், வெளிநாட்டவர் விவகாரம் ஒன்றியப் பட்டியலிலும் உள்ளன. ஆயினும் அரசமைப்பின் 258(2) பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மாநில அலுவலர்கள் மீதே கடமைகளைச் சுமத்தலாம். அதற்கான கூடுதல் செலவை ஒன்றிய அரசு தர வேண்டும் என்கிறது 258(3). ஆகவே நம் மாவட்டக் காவல்துறைக்கு அமெரிக்க நகரங்களின் உரிமை இல்லை.

நிதியை நிறுத்தி வைப்பதற்கு உள்ளூர் உதாரணம் வேண்டுமானால், ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராததை ஒட்டித் தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்ட சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியை எடுங்கள். மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் சென்றது. கல்விக்கான பணத்துக்குக் கல்வி சார்ந்த நிபந்தனை என்பதால், 1987 தீர்ப்பின் அளவுகோலில் ஒன்றிய அரசுக்கும் அங்கே ஒரு வாதம் உண்டு என்பதை எதிரணி கட்டாயம் எழுப்பும். விடையோடு மேடையேறச் சொல்லுங்கள்.