குளுட்டமின் (புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) தூள் குடித்து வயிற்றோட்டம் குறைந்தவர்கள் இருக்கிறீர்களா?

அக்காவுக்காகக் கேட்கிறேன். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். சித்திரை வருசத்தோடு காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, வயிறு இன்னும் சரியாகவில்லை. விடிந்ததும் முறுக்கி எடுக்கும், நாலைந்து தரம் போகவேண்டும். மலையில் கக்கூஸ் ஏது? ரொட்டியைத் தொடாமலே கூடையைத் தூக்குகிறார்.

இரத்தம், மலம், கொலனோஸ்கோபி எல்லாம் நோர்மல். ஐபிஎஸ் (IBS, சோதனையில் ஒன்றும் தெரியாமலே குடல் முறுக்கிக் கலக்கும் நோய்) என்றார் டொக்டர். முறுக்குக்கு மெபெவெரின், வயிற்றோட்டத்துக்கு லோபரமைட் குடித்தாயிற்று. பால் தேத்தண்ணி, சம்பல் நிறுத்தியாயிற்று.

2019இல் ‘கட்’ (Gut) மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தொற்றுக்குப் பிறகு இப்படி ஆகி, குடல் சுவரில் கசிவும் கூடியிருந்தவர்களுக்கு குளுட்டமின் 5 கிராம் வீதம் நாளுக்கு 3 வேளை, 8 வாரம் கொடுத்ததில் பலருக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஜிம் பையன்கள் குடிக்கும் அதே தூள்தான்; விலையைக் கேட்டாலே வயிறு கலக்குகிறது.

இதே மாதிரி நோய்க்கு இந்த அளவில் குடித்து, உங்களில் யாருக்காவது குறைந்ததா?